ஆயுதம் என்று எழுதினார்கள்

பொலிஸ்காரர் என் பைக்குள் கையை விட்ட உடனேயே முகத்தைச் சுளித்தார். மீன் மணம். ஐந்து வருடமாக அந்தப் பையைத்தான் வேலைக்குக் கொண்டுபோகிறேன். சவர்க்காரத்தில் ஊறப்போட்டும் பார்த்தேன், தேசிக்காய்த் தோலால் தேய்த்தும் பார்த்தேன், போகவில்லை. அவர் தலையைத் திருப்பிப் பக்கத்தில் நின்ற இளம் பொலிஸ்காரியிடம் ஏதோ சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பிரெஞ்சு பெரிதாக ஓடாது. ஆனால் 'நாறுது' என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் தெரியும். மீன்கடையில் வேலை செய்கிறவளுக்கு ரயிலில் அடிக்கடி காதில் விழும் சொல் அது.

கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலுக்கு நடக்கிற வழி. செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை. நான் இருக்கிற புறநகரான செவ்ரானிலிருந்து வந்து இறங்கி, கடை திறக்க முன்னர் போய்ச் சேர வேண்டும் என்று அவசரமாக நடந்துகொண்டிருந்தேன். சுவரோரமாக ஏழெட்டுப் பேரை நிறுத்திப் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் கையைக் காட்டி நிறுத்தினார்கள். அந்த வரிசையில் வெள்ளைத்தோல் ஒன்றுகூட இல்லை. என் பையைவிடப் பெரிய பைகளைத் தூக்கிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். எங்களைப் பார்த்தார்கள், பிறகு பார்க்காததுபோல நடந்தார்கள்.

பையின் அடியில், துவாயால் சுற்றி றப்பர் பான்ட் போட்டு, என் கத்தி இருந்தது. பொலிஸ்காரர் துவாயை இரண்டு விரலால் பிடித்து அவிழ்த்தார். கத்தியைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது.

"இது என்ன?"

"மீன். வேலை," என்றேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அதைவிடச் சுருக்கமாக என் வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

மெல்லிய, கொஞ்சம் வளைந்து கொடுக்கிற அலகு. பிடி கழன்றுவிடாமல், மின்வயருக்கு ஒட்டுகிற நீல நிற ரேப் சுற்றி வைத்திருந்தேன். கடையில் இருந்தவை எல்லாம் எனக்கு முன்னர் வேலை செய்த ஆம்பிளைகளின் கைக்கு வாங்கிய கத்திகள். அவற்றால் அறக்குளா மாதிரிப் பெரிய மீனைத் துண்டு போடலாம், கணவாயைச் சுத்தம் செய்ய ஏலாது. அதனால் சொந்தமாக ஒன்று வாங்கினேன். கடையில் விட்டுவிட்டு வந்தால் மற்றவர்கள் அதை எடுத்து அட்டைப்பெட்டி கிழிப்பார்கள், இரண்டு நாளில் கூர் போய்விடும். ஆகவே ஒவ்வொரு நாளும் வீட்டுக்குக் கொண்டுபோய், கழுவி, தீட்டி, மறுநாள் கொண்டுவருவேன். இதில் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனால் இதைச் சொல்லவும் மொழி வேண்டுமே.

அவர் பலகைபோன்ற ஒரு கருவியில் விரலால் தட்டத் தொடங்கினார். என் அகதி அட்டையைப் பார்த்துப் பெயரைப் பதிந்தார். பிறகு அதை என் முகத்துக்கு நேரே நீட்டி, கையெழுத்து வைக்கச் சொல்லிக் கட்டம் ஒன்றைக் காட்டினார். சைகையும் பிரெஞ்சுமாக அவர் சொன்னது எனக்கு இவ்வளவும் விளங்கியது: நீ ஆயுதம் வைத்திருந்தாய். ஆயுதத்தை அழிக்கச் சம்மதித்து எங்களிடம் தருகிறாய். தண்டப்பணம் கட்டுவாய். இப்போது போகலாம். இரண்டு நிமிட வேலை. இரண்டு விரலையும் தூக்கிக் காட்டினார்.

அவர் 'நீங்கள்' என்று சொல்லவில்லை, 'நீ' என்றுதான் சொன்னார். பிரெஞ்சிலும் அந்த வித்தியாசம் இருக்கிறது. என் வயது நாற்பத்தாறு. அவருக்கு முப்பத்தைந்து இருக்கலாம்.

ஆயுதம் என்ற சொல் எனக்குப் புதிதில்லை. போர் முடிந்து முகாமில் இருந்த நாட்களில், சீருடை போட்ட ஒரு பெண் என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முழங்கையில், முழங்காலில் தழும்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவன் தமிழில் கேட்டான், "ஆயுதம் தூக்கினியா?" இல்லை என்றேன். அது உண்மை. எங்கள் வீட்டில் தூக்கியவர்கள் இருந்தார்கள். நான் தூக்கவில்லை. பிறகு இந்த நாட்டுக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தபோது, விசாரித்த அதிகாரி அதே கேள்வியை மூன்று விதமாக மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் இல்லை என்றேன். நம்பினார்கள். அந்த இல்லைக்காகத்தான் எனக்கு அட்டை தந்தார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது, கணவாய் சுத்தம் செய்கிற கத்திக்காக, ஓம் நான் ஆயுதம் வைத்திருந்தேன் என்று கையெழுத்து வைக்கவேண்டும்.

இதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், லாச்சப்பலுக்குப் பக்கத்து மார்க்ஸ் டோர்மோயில் ஒரு மண்டபத்தில், பொலிஸ் மறித்தால் உங்களுக்கு என்ன உரிமை என்று ஒரு வகுப்பு நடந்தது. நான் அதற்காகப் போகவில்லை. மகளுக்கு மேல்மாடியில் நடன வகுப்பு. வெளியே குளிர். உள்ளே தேத்தண்ணி கொடுத்தார்கள். ஒரு பிரெஞ்சுப் பெண்மணி பேச, தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த பிள்ளை ஒன்று மொழிபெயர்த்தாள். வந்திருந்தவர்களில் ஒருவர் எழும்பி, "ஒழுங்கா இருக்கிற சனத்துக்கு உது என்னத்துக்கு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "கையெழுத்துப் போடாம இருக்கறதும் உங்க ரைட்ஸ்தான் ஆன்ட்டி," என்றாள். ஆன்ட்டி என்றது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் பலகையில் தமிழ் எழுத்தில் எழுதிப்போட்ட மூன்று பிரெஞ்சு வசனங்களைத் தேத்தண்ணி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்ததில் மனப்பாடமாகிவிட்டன. எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். எனக்கு வழக்கறிஞர் வேண்டும். விளங்காத எதிலும் நான் கையெழுத்து வைக்கமாட்டேன்.

நான் மூன்றாவதை முதலில் சொன்னேன். உச்சரிப்பு எப்படி இருந்ததோ தெரியாது. அவர், "என்ன?" என்றார். திரும்பச் சொன்னேன். இளம் பொலிஸ்காரி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டுக் கத்தியை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டார். துவாயை நிலத்தில் விட்டார். நான்தான் குனிந்து எடுத்தேன்.

பொலிஸ் நிலையத்தில் என்னை ஒரு சிறிய அறையில் இருத்தினார்கள். நான் முதலாவது வசனத்தைச் சொன்னேன். மேசையில் தொலைபேசியை வைத்து ஒலியைக் கூட்டினார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அந்தப் பக்கத்தில் பேசினார். தமிழ்க் குரல் ஒன்றைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் இளகிப்போனது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

"வணக்கம் தங்கச்சி. நீங்கள் எவடம்?"

"செவ்ரான், அண்ணை."

"உது இல்லை. ஊரிலை எவடம்?"

"வன்னி."

"ஓ," என்றார்.

வன்னி என்றதும் ஒரு படி கீழே இறக்கிப் பார்க்கிற அந்த 'ஓ' எனக்குப் பழகிய 'ஓ'தான். இங்கே கடைகளில், கலியாண வீடுகளில், பள்ளிக்கூட வாசலில் கேட்டிருக்கிறேன். பொலிஸ் நிலையத்திலும் அது வந்து எனக்காகக் காத்திருக்கும் என்று நினைக்கவில்லை.

பொலிஸ்காரர் நீளமாக ஏதோ வாசித்தார். மொழிபெயர்ப்பாளர் அதை மூன்று சொல்லில் முடித்தார். "உங்களை விசாரிக்கப் போயினமாம்." பிறகு, "உங்களிட்டை ஆயுதம் இருந்ததெண்டு சொல்லினம். ஓமோ?"

"ஆயுதம் இல்லை அண்ணை. மீன் வெட்டுற கத்தி. நான் மீன்கடையிலை வேலை செய்யிறன். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தனான். ஒவ்வொரு நாளும் கொண்டுபோறனான். துவாயாலை சுத்தித்தான் வைச்சிருந்தனான்."

"கத்தி எண்டாலும் ஆயுதம்தானே தங்கச்சி. இஞ்சத்தைச் சட்டம் அப்பிடி. ஓமெண்டு சொல்லி முடியுங்கோவன்."

"நான் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ."

"சொல்லுறன், சொல்லுறன். உங்கடை நன்மைக்குத்தான் சொல்லுறன். உவையோடை மல்லுக்கட்டி வெல்ல ஏலாது. உப்பிடியான ஆக்களாலைதான் எங்கடை சனத்துக்குக் கெட்ட பேர்."

பிறகு பிரெஞ்சில் அவர்களிடம் பேசினார். நான் சொன்ன ஆறு வசனத்துக்கும் ஒரே ஒரு வசனம். காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். கத்தி என்ற சொல் வந்தது. 'புவாசோன்' வரவே இல்லை. மீன் என்ற சொல்லே இல்லாமல் என் கதையை அவர் எப்படிச் சொல்லி முடித்தார்? பொலிஸ்காரர் தட்டெழுதினார். என் வாயிலிருந்து வராத ஒன்று என்னுடையதாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. பொலிஸ்காரர் முகத்தைச் சுளித்ததுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அவர் யாரோ. இந்த மனிதர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டே என்னை விற்றார்.

நான் இரண்டாவது வசனத்தைச் சொன்னேன். எனக்கு வழக்கறிஞர் வேண்டும்.

"நேரம் எடுக்கும்," என்றார் பொலிஸ்காரர்.

"தங்கச்சி, சுணங்குமாம்," என்றது தொலைபேசி. "ஏன் உந்த வில்லங்கம்?"

"இருக்கிறன்," என்றேன்.

இருந்தேன். கதிரையின் ஒரு கால் கட்டை. சுவரில் யாரோ நகத்தால் கிறுக்கிய எழுத்துகள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்திருப்பேன். முதலாளியிடமிருந்து ஆறு தவறிய அழைப்புகள் கைபேசியில் இருந்தன.

வழக்கறிஞர் சின்னப் பெண். சைக்கிள் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தடிமனோடு, மூக்கைத் துடைத்துத் துடைத்து வந்தாள். என்னோடு மிக மெதுவாகப் பேசினாள். என் வாக்குமூலத்தில் மீன் என்ற சொல்லே இல்லாததைக் கண்டு, பொலிஸ்காரரிடம் மொழிபெயர்ப்பாளரை மாற்றச் சொன்னாள். இரண்டாம் முறை வந்தது ஒரு பெண் குரல். அவள் ஊர் கேட்கவில்லை. சொல்லுக்குச் சொல் சொன்னாள். வழக்கறிஞர் தும்மினபோது, "மன்னிக்கவும் எண்டு சொல்லுறா," என்று அதையும் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் விரும்பினால் எந்த நேரமும் எழும்பிப் போகலாம் என்று உங்களுக்குச் சொன்னார்களா?"

"இல்லை," என்றேன்.

பொலிஸ்காரர், தான் வாசித்ததாகச் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். அவர் நீளமாக வாசித்தது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குள் நான் கைதி இல்லை என்ற செய்தி இருந்திருக்கிறது. பேசாமல் இருக்கலாம் என்ற உரிமையும் இருந்திருக்கிறது. 'உங்களை விசாரிக்கப் போயினமாம்' என்ற மூன்று சொல்லுக்குள் அவை எல்லாம் செத்துப்போயின.

பிறகு வழக்கறிஞர் சட்டத்தைச் சொன்னாள். கத்தியைக் கொண்டு தெருவில் போவது காரணம் இல்லாவிட்டால்தான் குற்றம். வேலைக்குக் கொண்டுபோவது நியாயமான காரணம். ஆனால் அதைக் காட்டவேண்டும். தெருவில் கையெழுத்து வைத்திருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் போயிருக்கும், அது என் பெயரில் பதிவாகியும் இருக்கும். "நீங்கள் வைக்காதது நல்லது," என்றாள்.

"வேலை செய்வதற்கு என்ன அத்தாட்சி இருக்கிறது?"

கைபேசியில் என் சம்பளத்துண்டின் படம் இருந்தது. அதில் என் வேலை, 'எல்லா வேலையும் செய்யும் ஊழியர்' என்று போட்டிருந்தது. மீன் இல்லை, கத்தி இல்லை. வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாட்கள். அன்று செவ்வாய். செவ்வாயும் புதனும் நான் தாளில் இல்லாமல், கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்கிற நாட்கள். லாச்சப்பலில் இது ஒரு புதினமும் இல்லை. நானும் ஒத்துக்கொண்டுதான் செய்தேன்.

பொலிஸ்காரர் முதலாளிக்குத் தன் கைபேசியிலிருந்து அழைத்து, ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தார். முதலாளியைப் பற்றி நான் சொல்லவேண்டும். கெட்ட மனிதர் இல்லை. மொழி தெரியாத எனக்கு வேலை தந்தவர். வீடு எடுக்கக் கடிதம் தந்தவர். மகளின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தவர். அவருடைய பிரெஞ்சு என்னுடையதைவிட நூறு மடங்கு நல்லது.

அவர் சொன்னார்: "அவ கல்லாவில் இருக்கிறவ. செவ்வாயில் அவவுக்கு வேலை இல்லை. கத்தியா? எனக்கு ஒன்றும் தெரியாது."

இதை மற்றத் தொலைபேசியில் இருந்த பெண் குரல் எனக்குத் தமிழில் சொன்னது. சொல்லி முடிக்க முன்னரே முதலாளி தமிழில் பேசினார். நான் அங்கே இருக்கிறேன் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"தங்கச்சி, கோவிக்காதேங்கோ. நான் கடையையும் பாக்கோணும் தானே."

பொலிஸ்காரர் நிமிர்ந்தார். "என்ன சொல்கிறார்?"

அந்தப் பெண் ஒரு சொல்லும் விடாமல் பிரெஞ்சில் சொன்னாள். தங்கச்சி, கோபிக்க வேண்டாம், நான் கடையையும் பார்க்க வேண்டும். பொலிஸ்காரர் கைபேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வழக்கறிஞரைப் பார்த்தார். முதலாளி தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு மகள் எடுத்த வீடியோ நினைவுக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தவள், நான் பாரைமீனைத் தோலுரிப்பதைப் படமெடுத்தாள். மீன் பேசுவதுபோலப் பின்னாலிருந்து பிரெஞ்சில் குரல் கொடுத்து, "வேண்டாம் அம்மணி, என்னை விட்டுவிடுங்கள்," என்று கெஞ்சி, தன் சிநேகிதிகளுக்கு அனுப்பிச் சிரித்தாள். அன்று அவளை ஏசினேன். இப்போது அவளுக்கு அந்த வீடியோவை அனுப்பு என்று செய்தி போட்டேன். பள்ளிக்கூட இடைவேளை. உடனே பிரெஞ்சில் பதில் வந்தது: எங்கே இருக்கிறாய்? என்ன நடந்தது? அதன் பின்னால் வீடியோ.

பொலிஸ்காரரும் பொலிஸ்காரியும் வழக்கறிஞரும் என் கைபேசியைச் சுற்றிக் குனிந்தார்கள். நீல ரேப் சுற்றிய பிடி, என் கை, மீனின் தோல் ஒரே இழுவையில் கழன்று வருவது. மகளின் குரல் அறைக்குள் கெஞ்சியது. பொலிஸ்காரி மறுபடி சிரித்தாள், ஆனால் இந்தமுறை வேறு சிரிப்பு. பொலிஸ்காரர் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த கத்தியை எடுத்துப் பிடியைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

என் வாக்குமூலத்தைப் புதிதாக எழுதினார்கள். அந்தப் பெண் குரல் அதை எனக்கு முழுதாக வாசித்துக் காட்டியது. ஓர் இடத்தில் 'என் ஆயுதம்' என்று இருந்தது. "நான் அப்பிடிச் சொல்லேல்லை," என்றேன். பொலிஸ்காரர் மாற்றினார். அதன் பிறகு கையெழுத்து வைத்தேன். கத்தியை, அரசு வழக்குத்தொடுநர் முடிவு எடுக்கும்வரை வைத்திருப்பார்களாம். பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே வந்தேன். எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வழக்கறிஞர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனாள்.

அன்று மாலை மகள் என்னோடு சண்டை பிடித்தாள். நான் தமிழில், அவள் பிரெஞ்சில். "ஏன் எனக்கு உடனே அடிக்கவில்லை?" என்றாள். பிறகு, "அவன் உன்னை நீ என்றா கூப்பிட்டான்?" என்று மூன்று தரம் கேட்டாள். ஓம் என்றேன். கதவை அடித்துச் சாத்திக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அவள் பிறந்த நாடு இது. என்னைவிட அவளுக்குத்தான் அதிகம் வலித்திருக்கும்.

மறுநாள் கடைக்குப் போனேன். முதலாளி எனக்கு முன்னரே வந்து தேத்தண்ணி போட்டு வைத்திருந்தார்.

"இருங்கோ தங்கச்சி. விட்டிட்டாங்கள் தானே?"

"கத்தியைப் பற்றித் தெரியாது எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"செவ்வாய்க்கிழமை வேலை எண்டு சொன்னால் என்ரை கடைக்குக் கொந்துறோல்காரர் கணக்குப் பாக்க வருவினம். பிறகு உங்களுக்கும் வேலை இல்லை, எனக்கும் கடை இல்லை. யோசிச்சுப் பாருங்கோ."

"நான் ஆயுதம் வைச்சிருந்தனான் எண்டு எழுதியிருந்தால்?"

"அது சும்மா ஒரு பேப்பர். கட்டிப்போட்டுப் போறது தானே. எத்தினை பேர் கட்டியிருக்கினம். நீங்கள்தான் பெரிசாக்கினது."

அவர் உள்ளே போய் ஒரு பை கொண்டுவந்தார். நல்ல பெரிய நண்டுகள். "பிள்ளைக்குச் சமைச்சுக் குடுங்கோ," என்றார். பைக்குள் ஒன்று இன்னும் உயிரோடு காலை அசைத்துக்கொண்டிருந்தது. ஐந்து வருடமாக மீன் குடலுக்குள் கையை விட்டு வேலை செய்திருக்கிறேன், ஒரு நாளும் ஓங்காளித்தது கிடையாது. அந்தப் பையைக் கண்டதும் ஓங்காளித்தது. மேசையில் வைத்துவிட்டு, என் ஏப்ரனை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். "உங்களுக்கு ஆர் வீட்டுக்குக் கடிதம் தந்தது?" என்று பின்னால் சத்தம் கேட்டது. அவர்தான் தந்தார். அதை நான் மறுக்கவில்லை. அதுதான் இன்னும் கசப்பு.

அந்த வருடம் லாச்சப்பல் கோவில் தேர்த் திருவிழாவுக்குப் போகக்கூடாது என்று இருந்தேன். மகள் சிநேகிதிகளோடு போக ஆசைப்பட்டதால் போனேன். தேர் வருகிற ரூ பஜோல் தெருவில் கால் வைக்க இடமில்லை. ஒரு முனையில் இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டி, வெறும் மேலோடு, என் முன்னாள் முதலாளி நின்று இளநீர் சீவிக்கொண்டிருந்தார். கையில் இருந்த கத்தி என்னுடையதைவிட மூன்று மடங்கு அகலம். அவருக்குப் பக்கத்தில் இரண்டு பொலிஸ்காரர்கள். வேறு ஆட்கள், எனக்குத் தெரியாதவர்கள். ஒருவர் இளநீரை வாங்கிக் குடித்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அதில் பிழையில்லை. திருவிழா, காரணம் இருக்கிறது. ஆனால் ஒரு கணம், அந்தப் பொலிஸ்காரர் இளநீர்க் கோம்பையைக் கீழே வைத்துவிட்டு, முதலாளியின் கையைப் பிடித்து, இது என்ன என்று கேட்கவேண்டும் என்று என் மனம் ஆசைப்பட்டது. அவர் திக்குவதை, சனம் பார்த்துக்கொண்டு நிற்பதை எல்லாம் மனதுக்குள் பார்த்தேன். பிறகு என்மேலேயே அருவருப்பு வந்தது. இத்தனைக்கும் பிறகு நான் ஆசைப்படுவது இதைத்தானா? மகளைக் கூட்டிக்கொண்டு தேர் வர முன்னரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இலையுதிர் காலத்தில் அரசு வழக்குத்தொடுநரிடமிருந்து கடிதம் வந்தது. மகள் வாசித்து, "விட்டிட்டினமாம்," என்று தமிழில் சொன்னாள். அவள் தமிழில் சொன்னது எனக்கு ஆச்சரியம். என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுக்குச் சொல் சொல்லச் சொன்னேன். குற்றம் போதிய அளவு நிறுவப்படவில்லை என்பதால் மேல் நடவடிக்கை இல்லை. போதிய அளவு. குற்றமே இல்லை என்று எழுதக்கூடாதா என்று கேட்டேன். "அவர்கள் எல்லோருக்கும் இதே வசனத்தைத்தான் போடுவார்கள் அம்மா," என்றாள் பிரெஞ்சில்.

கத்தியை எடுக்கப் போனபோது, கண்ணாடி போட்ட வயதான பெண் ஒருத்தி உறையைக் கொண்டுவந்து பதிவேட்டை என் பக்கம் திருப்பினாள். பொருள் என்ற இடத்தில் ஆயுதம் என்று இருந்தது. இப்போது அந்தச் சொல்லை எந்த எழுத்திலும் என்னால் அடையாளம் காணமுடியும். இது பிழை, மீன் கத்தி என்று மாற்றுங்கள் என்றேன். அவள் தோளைக் குலுக்கினாள். கணினியில் அப்படித்தான் வருகிறதாம், அவளால் மாற்ற ஏலாதாம். மரியாதையாகத்தான் சொன்னாள், 'நீங்கள்' என்றுதான் சொன்னாள். விட்டுவிட்டு வரலாமா என்று யோசித்தேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. கடைசியில் பேனையை எடுத்துக் கையெழுத்துக் கட்டத்துக்குள் தமிழில், 'மீன் வெட்டும் கத்தி ஒன்று பெற்றுக்கொண்டேன்' என்று சிறிய எழுத்தில் எழுதி, அதன் கீழே கையெழுத்து வைத்தேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, உங்கள் பெயர் நீளம் என்றாள். ஓம் என்றேன்.

இப்போது செவ்ரானுக்குப் பக்கத்துச் சந்தையில் ஒரு போர்த்துக்கேயப் பெண்ணின் மீன்கடையில் வேலை. எல்லா நாளும் தாளில் இருக்கிறேன். முதல் நாளே மகள் வந்து கேட்டு, இவர் வேலைக்காகக் கத்தி கொண்டுபோகிறார் என்று கடிதம் எழுதி வாங்கினாள். முத்திரையும் குத்தி இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையின் முன் அறையில் வைத்திருக்கிறேன். சந்தையில் என்னோடு வேலை செய்கிற பிரெஞ்சுக்காரனிடமும் கத்திகள் இருக்கின்றன, ஐந்தாறு. அவனிடம் அப்படி ஒரு கடிதம் இருக்கிறதா என்று கேட்டேன். என்ன கடிதம் என்று கேட்டான்.

போன கிழமை ரயில் நிலைய வாசலில் பொலிஸ் நின்றார்கள். யாரையும் மறிக்கவில்லை, சும்மா கதைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் கண்டதும் என் கை தானாகப் பையின் முன் அறைக்குள் போய்க் கடிதத்தைப் பிடித்துக்கொண்டது. எவரும் என்னைக் கேட்கவில்லை. தாண்டிப் போய்ப் படியில் ஏறிய பிறகுதான் பார்த்தேன், பிளாஸ்டிக் உறை வியர்வையில் நனைந்திருந்தது. கத்தியைச் சுற்றியிருந்த துவாயின் நுனியால் அதைத் துடைத்தேன். எவரும் கேளாமலே கடிதத்தைத் தேடிப் போன என் கையை எனக்குச் சகிக்கவில்லை.